சேஃப்டி சாரின் பின் சீட்டு

ஆமத்தூர் தாண்டினதும் ஒரு ஏட்டு டார்ச்சை ஆட்டி என் காரை மறிச்சார். மணி ராத்திரி பதினொண்ணரை.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். இந்த நேரத்துல சிவகாசி ரோட்டுல போலீஸ் எதுக்குக் கை காட்டும்னு எங்க பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைவிட ஒரு படி கூடவே தெரியும்னு நினைப்பு.

அவர் பக்கத்துல வர்றதுக்குள்ள பின் சீட்டுல மூடியிருந்த போர்வையை விலக்கி, ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸை எடுத்து ஜன்னல் வழியா நீட்டிட்டேன்.

"பிள்ளைகளுக்கு வச்சுக்கோங்க ஏட்டையா. நம்ம கம்பெனிச் சரக்குதான்."

அவர் வாங்கலை.

"ஹெட்லைட்டு ஒண்ணு எரியலை சார். அதைச் சொல்லத்தான் நிப்பாட்டுனேன்."

நீட்டின பெட்டியை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம மடியில வச்சுக்கிட்டேன்.

டார்ச் வெளிச்சம் மெதுவா பின் சீட்டுக்குப் போச்சு. அங்கே இன்னும் அஞ்சு பெட்டி. அதுக்கு மேலேயே சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கிற என் செல்போன். கேட்காமலே குத்தத்தை எடுத்துப் போலீஸ் கையில கொடுத்தவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

"யாருக்கு இம்புட்டு?"

"சொந்தக்காரங்களுக்கு ஏட்டையா."

பொய் இல்லை. சிவகாசியில வேலை பார்க்கிறவன் மேல சொந்தபந்தத்துக்குப் பாசம் பொங்குறது புரட்டாசியிலதான். மதுரை மச்சான் நாலு மாசமா போன் பண்ணாதவர், போன வாரம் மட்டும் மூணு தடவை நலம் விசாரிச்சார்.

"கார்ல வெடி ஏத்திட்டுப் போகக் கூடாதுன்னு தெரியாதா? எங்கன வேலை பார்க்கீக?"

இங்கதான் ரெண்டாவது கோட்டித்தனம் பண்ணினேன். பதவியைக் காட்டினா விட்டுருவார்னு ஐடி கார்டை எடுத்து நீட்டினேன்.

அவர் டார்ச் அடிச்சு வாசிச்சார். 'புகழேந்தி, பாதுகாப்பு அலுவலர்.' என் மூஞ்சியைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"வெம்பக்கோட்டைப் பக்கம், வெள்ளிக்கிழமை தோறும் பொம்பளைகளுக்கு கிளாஸ் எடுக்கிற சேஃப்டி சார் நீங்கதானா?"

நம்ம பேரு இதுவரைக்கும் பரவியிருக்கேன்னு ஒரு நொடி சந்தோஷம் வேற வந்துச்சு. வெட்கங்கெட்ட மனசு.

"நானேதான் ஏட்டையா."

"இறங்குங்க."

வெடி ஏத்தினதா கேஸ் விழுந்தா, சேஃப்டி சாரை எந்தக் கம்பெனி வேலைக்கு வச்சிருக்கும்? மக காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறா. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. பாடம் எடுக்கிறதைத் தவிர வேற தொழிலும் தெரியாது.

"ஏட்டையா, ஆறையும் நீங்களே எடுத்துக்கோங்க. இதோட விட்டுருங்க."

"பேசாம தூக்கிட்டு வாங்க."

ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு தண்ணி டிரம் இருந்துச்சு. அதுவரைக்கும் ஆறு பெட்டியையும் என்னையே சுமக்க வச்சார். அவர் பெரிய கையா இருப்பார் போல, மொத்தத்தையும் வீட்டுக்கு அள்ளப் போறார்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சுமந்தேன்.

"பிரிச்சு உள்ள போடுங்க."

"தண்ணியிலயா?"

"பின்ன? நீங்கதானே சார் அப்படிச் சொல்லிக் கொடுக்கீக."

சரவெடி, புஸ்வாணம், மத்தாப்பு, மச்சானோட பாசம், எல்லாத்தையும் என் கையாலேயே முக்கினேன். சட்டை பூரா நனைஞ்சு போச்சு. இனிமே நோட்டை எடுத்து எழுதப் போறார்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அவர் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"கிளம்புங்க. காலையில மொத வேலையா லைட்டை மாத்திருங்க."

"கேஸு?"

"போடலை."

அத்தோட வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தாத்தானே.

"என் மேல இம்புட்டு மரியாதை வச்சிருக்கீகளே ஏட்டையா" ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் சிரிக்கலை.

"மரியாதையெல்லாம் டிரம்முக்குள்ள போயிருச்சு சார். என் தங்கச்சி மாரிசெல்வி உங்க கம்பெனியிலதான் வெடிக்குள்ள மருந்து செலுத்துறா. உரசுனா தீப்பொறி வரும்னு நீங்க சொன்னீகன்னு கொலுசைக் கழட்டிட்டா. பாலியஸ்டர் சேலை ஒண்ணைக்கூட வேலைக்குக் கட்டுறதில்லை. போன மாசம் ஆர்டர் அவசரம்னு அவ ரூம்ல அஞ்சாவதா ஒரு ஆளை உட்காரச் சொல்லியிருக்காக. நாலு பேருக்கு மேல கூடாதுன்னு சேஃப்டி சார் சொல்லியிருக்காகன்னு போர்மேன்கூட மல்லுக்கு நின்னு வெளிய வந்துட்டா. ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டாக. அப்பவும் நீங்க சொன்னதுதான் சரின்னா."

எனக்குக் கும்பிட்ட கையை இறக்கத் தெரியலை.

"கேஸு போட்டா நாளைக்குப் பேப்பர்ல உங்க போட்டோ வரும். அவ பார்த்துட்டா, அப்புறம் நீங்க சொன்ன எதையும் நம்ப மாட்டா" ன்னவர், டார்ச்சை அணைச்சார். "எனக்கு என் தங்கச்சி சாயங்காலம் முழுசா வீட்டுக்கு வரணும் சார்."