முட்டையைச் சுற்றி முள்

பறவைகள் சரணாலயத்து ஏரிக்கரையில், வெறுந்தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவிக்கு ரத்தம் கொதித்தது. ஊர்க்காரர்கள் வந்து, அது நுழைய மட்டும் சந்து விட்டு, முட்டைகளைச் சுற்றி முள்வேலி அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“என் பிள்ளைகளுக்குச் சிறையா? எவன்டா அவன், வாங்கடா இங்கே!”

தண்ணிக்கு வந்த எருமை முள்ளைக் கண்டு நின்றது. “கத்தாதேடி. வேலி உனக்கில்லை, எனக்கு. நான் தினமும் மிதிச்சுப் போற வழி இது.”

ஆள்காட்டி அந்தக் குளம்பைப் பார்த்தது. குரல் சட்டென்று இறங்கியது. “அக்கா, அந்தப் பக்கம் புல்லு முழங்கால் உசரம் நிக்குது. சுத்திப் போனா உனக்குத்தான் லாபம்.”

“குஞ்சு பொரிக்கிறவரைக்கும் சுத்தியே போறேன். பதிலுக்கு நீ கத்தாம இருக்கணும்.”

“அது மட்டும் முடியாதுக்கா, வேற ஏதாவது கேளு!” என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தியது ஆள்காட்டி.

எருமை சிரித்துக்கொண்டே புல் பக்கம் திரும்பியது.