பதினோரு நிமிடம் மூத்தவன்

மருத்துவர் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து என் உடன்பிறந்தவனுடைய முகத்தின் வலது பாதியை மறைத்தார்.

மிச்சமிருந்த பாதி, நான்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவன் பதினோரு நிமிடம் மூத்தவன். அந்தப் பதினோரு நிமிடத்தைக் காட்டியே வீட்டில் பெரிய போர்வை, ரயிலில் ஜன்னலோரம், முதலில் கல்யாணம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவன். அண்ணா என்று கூப்பிடச் சொல்லி நாற்பத்தொன்பது வயதுவரை நச்சரித்தான். நான் மசியவில்லை.

மருத்துவர் அட்டையை இடது பாதிக்கு நகர்த்தினார்.

அதே நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

கண்ணோரத்திலிருந்து காதுவரை வாய்க்கால் வெட்டியதுபோல் சுருக்கங்கள். சரிந்த இமை. தடித்த தோலில் பழுப்புத் திட்டுகள். கன்னத்தின் நடுவே, சவரக் கத்தி பட்டது என்று அவன் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த, ஆறாத புண். அதற்காகத்தான் வந்திருந்தோம்.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. விட்டுப்போன ஒரு புள்ளிகூட என் கண்ணுக்குத் தப்பாது. தினமும் பார்த்த முகத்தில் இதை நான் பார்க்கவில்லை.

"பஸ் ஓட்டுறீங்கன்னு எழுதியிருக்கு. டிரைவர் ஜன்னல் இந்தப் பக்கந்தானே, சார்?"

"ஆமாம்மா. இருபத்தேழு வருஷம். ஆனா நான் கண்ணாடிய ஏத்திட்டுத்தான் ஓட்டுவேன். தூசி ஒத்துக்காது. வெயில் எங்க படுது?"

"தோலச் சுட்டுப் பொசுக்குற வெயிலத்தான் கண்ணாடி நிறுத்தும். சுடாத வெயில் ஒண்ணு இருக்கு, சார். அது பாட்டுக்கு உள்ள வரும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியை அவன் தினமும் காலையில் பளபளவென்று துடைப்பது, நான் எடுத்துவந்து கொடுக்கும் அச்சகத்துக் கழிவுத் தாளால்தான்.

புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் மருத்துவர். அந்த வார்த்தைக்கு நான் பயந்திருக்க வேண்டும். பயம் பிறகுதான் வந்தது.

அப்போது எனக்குள் இருந்தது வியப்பு மட்டும். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி எரிகிற ஒன்று, சுடாமல், தொட்டது தெரியாமல், ஒரு மனிதனின் ஒரு கன்னத்தை மட்டும் இருபது இருபத்தைந்து வருடம் முன்னால் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. மறு கன்னம் போகவில்லை. நடுவில் ஒரு மூக்குதான் தடுப்பு.

அவன் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டான். அட்டையை வாங்கித் தானே இந்தப் பாதி, அந்தப் பாதி என்று மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தான். பிறகு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"பாத்தியாடா, கிழவனாகுறதுலயும் நான்தான் முதல்ல."

மருத்துவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார்.

பதினான்கு மாதம் கழித்து, போவதிலும் அவன்தான் முதலில் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னை நேராகப் பார்த்துப் பேசவில்லை, கொஞ்ச காலம். அவன் மனைவி என் இடது பக்கம் வந்து உட்காரவே மாட்டாள்.

இதெல்லாம் நடந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

இன்று காலை சவரம் முடித்து, நுரையைத் துடைக்கத் துண்டை முகத்துக்குக் கொண்டுபோனேன். இடது பாதியை மறைத்தபடியே கை நின்றுவிட்டது.

கண்ணாடியில், கண்ணோரத்திலிருந்து காதுவரை அதே வாய்க்கால்கள். அதே சரிந்த இமை.

அவன் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தானோ.

"வந்துட்டேண்ணா," என்றேன்.