இரண்டாம் நபர்

சுத்தியல் இறங்கியது. முதலாளியின் இரண்டாவது விரலும் நசுங்கியது.

“கம்பெனி பாஸ்வேர்டு மொத்தத்தையும் ஒரே ஆன்லைன் பெட்டகத்துல பூட்டி வச்சிருக்கியாமே. அதத் திறக்கிற பாஸ்வேர்டு என்ன? சொல்லு, இன்னும் நிறைய விரல் பாக்கியிருக்கு,” என்றான் முகமூடிக்காரன்.

கதவோரம் அவனுடைய கூட்டாளியும் முகமூடியோடு நின்றான். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

மூன்றாவது விரலில் முதலாளி சொல்லிவிட்டார். முகமூடிக்காரன் தன் லேப்டாப்பில் அதைத் தட்டினான்.

‘புதிய கருவி. இரண்டாம் நபரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது’ என்றது திரை.

“யாருடா அந்த ரெண்டாவது ஆளு?” வயிற்றில் உதை விழுந்தது. முதலாளி ரத்தத்தைத் துப்பினார்.

அவர் பதில் சொல்வதற்குள் கதவோரம் ஒரு செல்போன் அதிர்ந்தது. கூட்டாளி பழக்கதோஷத்தில் அதை எடுத்தான், படிக்காமலே அமுக்கினான், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெட்டகம் திறந்தது.

“பரவால்லயே, யாரோ ஒரு புண்ணியவான் உடனே சம்மதிச்சுட்டான்,” என்று முகமூடிக்காரன் சிரித்தான்.

முதலாளி திரையைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றவனையே பார்த்தார்.

“உன்னத்தான் ரெண்டாவது ஆளா போட்டிருக்கேன்னு போன மாசமே மெயில் அனுப்பினேனே, மச்சான். எதையும் படிச்சுப் பாத்துட்டு அமுக்குன்னு உங்கக்கா எத்தனை தடவ சொல்லியிருப்பா.”