முப்பது நாள் கால்ஷீட்

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில், மேக்கப்மேன் ஷாரோனின் முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஸ்காம் முடித்த இரண்டு வருடத்தில் பதினேழு ஆடிஷன். எல்லா இடத்திலும் கறுப்பு என்றே கழித்துக்கட்டியிருந்தார்கள்.

எட்டிப் பார்த்த டைரக்டர் துள்ளினார். "மீனவப் பொண்ணுன்னா இதான்யா! என் ஹீரோயின் இந்தக் கலர்லதான் இருக்கணும். ஷூட்டிங் முப்பது நாளும் இவங்க செட்டுல இருக்கட்டும்."

ஷாரோன் செங்கல்பட்டிலிருந்த அப்பா பூபாலனுக்குப் போன் போட்டாள்.

"நைனா, புடிச்சிப்போச்சாம்! ஹீரோயினு என் கலர்லதான் இருக்கணுமாம்!"

"நெசமாவா? இரு, தெரு பூரா சொல்லிட்டு வரேன்!"

அரை மணி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. பால் நிறத்தில் ஒரு மும்பைப் பெண் இறங்கி, மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேக்கப்மேன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு ஷாரோனை உட்கார வைத்தார். அவள் கையை எடுத்து அந்தப் பெண்ணின் கன்னத்தருகே நீட்டச் சொன்னார்.

மடியில் போன் அடித்தது. நைனாதான். எடுக்கப் போனாள்.

"கையை ஆட்டாதம்மா," என்றார் மேக்கப்மேன். "அதைப் பார்த்துத்தான் மேடத்துக்குக் கறுப்பு கலக்கணும்."