மங்காத ஆண் மூளை

கல்யாணமான ஆணுக்கு எண்பது வயதிலும் ஞாபகம் மங்காது என்பது மூளை டாக்டரின் கண்டுபிடிப்பு. விருது தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவின் முன்னால், இதுகளுக்கு என்ன புரியப்போகிறது என்ற இளக்காரத்தோடு மனைவி சகிதம் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை வருஷ ஆராய்ச்சி டாக்டர்?”

அவர் தொண்டையைச் செருமுவதற்குள், “முப்பத்திரண்டு” என்றார் மனைவி.

“எத்தனை பேரைச் சோதிச்சீங்க?”

“நாலாயிரத்துப் பத்து.” அதுவும் அம்மாள்தான்.

“கல்யாணமாகாத ஆம்பளைங்க?”

“அறுபதுலயே அம்பேல், பாவம்!” என்று டாக்டர் சிரித்தார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “கல்யாணமானவங்களைச் சோதிக்கறப்போ அவங்க சம்சாரமெல்லாம் எங்க இருந்தாங்க?”

“இதென்ன கேள்வி? பக்கத்து நாற்காலியிலதான்!”

“அப்போ பதில் சொன்னது யாரு?”

டாக்டர் வழக்கம்போல பதிலுக்கு மனைவியைப் பார்த்தார்.