ராஜா திருப்பிக் கேட்ட சிலுவை

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க வெட்கமாயில்லையா உமக்கு? அதுவும் ஒரு ராஜாவின் பெயரைச் சொல்லி!

கடல் தாண்டி, டென்மார்க் ராஜாவின் கச்சேரி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டீர். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் தாலியறுத்த ஒரு பொம்பளை திருடி என்ற பட்டம் வாங்க இருந்தாள்.

நடந்ததைக் கேளும்.

ராஜபாளையத்தில் என் பாத்திரக் கடைக்கு வேதக்கோயில் உபதேசியார் பால்துரை வந்தார். "வைகுண்டராஜ், ஊரில எந்த வெள்ளி எங்க போகும்னு உமக்குத்தான் தெரியும். சித்த எங்கூட வாரும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

போனது ஸ்ரீவில்லிபுத்தூரில் சந்தனமேரி வீட்டுக்கு. அவள் புருஷன் தேவஇரக்கம், உங்கள் நாட்டு டாக்டரம்மா நடத்தும் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாந்திபேதி வந்த வருஷம், செட்டியார்பட்டி நோயாளிக் கொட்டகையில் நாற்பது உயிரைக் காப்பாற்றினார் என்று உங்கள் ராஜா மார்பில் குத்திக்கொள்ள வெள்ளிச் சிலுவை அனுப்பினார். சிவப்புக் கரை போட்ட வெள்ளை நாடா.

தை மாதம் மனுஷர் கண்ணை மூடினார். பங்குனியில் உம் கடிதம்.

அதை உபதேசியார் தமிழில் சொன்னார்: "உடையவர் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் சிலுவை. செத்த பொறவு ராஜாவுக்குத் திருப்பி அனுப்பணுமாம்."

"இதென்னய்யா இரவல் நகையா? கல்யாணத்துக்குக் கொடுத்துட்டு மறுநாளே வாசல்ல வந்து நிக்க மாதிரி!" என்றேன்.

"அது அவங்க ஊர் வழக்கம். சிலுவை எங்கம்மா?"

"என்கிட்ட இல்லய்யா" என்றாள் சந்தனமேரி.

"பொறவு யார்கிட்ட இருக்கு?"

உபதேசியார் எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா கோயில்ல களவாணின்னு பேர் சொல்லி வாசிச்சிருவோம். சபை மானம் போகுதுல்லா!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, வித்திருந்தா வித்தேன்னு சொல்லு. எந்தத் தட்டான்? நான் பேசி மீட்டுத் தாரேன். சிலுவை குத்தின விழா முடிஞ்ச பொறவு ஒரு நாளாச்சும் அந்த மனுஷன் அதைக் குத்திக்கிட்டு வெளிய வந்தாரா? கேட்டா, 'காத்துப்பட்டா கறுத்துரும்'பாரு. அப்பவே வித்துப் போயிருச்சோ என்னமோ!"

அவள் அசையவில்லை. "வாசிக்கட்டும், அண்ணாச்சி."

அந்த நேரம் கொல்லைப்பக்கமாக வந்தாள் செல்லத்தாய். ஆஸ்பத்திரி கூட்டுகிறவள். மடியிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே சிலுவை. பளபளவென்று.

"ஏட்டி களவாணி! எழவு வீட்டிலயா கை வச்சே?" நான் எழுந்தேவிட்டேன்.

"எடுத்துக்கோங்க, மொதலாளி. சங்கதி ஆஸ்பத்திரிக்கே வந்துட்டு. அம்மா பேரு கெட வேண்டாம்."

சந்தனமேரி குறுக்கே வந்து நின்றாள். "வாயை அடக்குங்க அண்ணாச்சி! அதை அவ சேலையில குத்திவிட்டது என் வீட்டுக்காரக."

உபதேசியாருக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கொட்டகைக்குப் போன மறுநாளே என் வீட்டுக்காரகளுக்கும் பேதி. பதினோரு நாள் பாயில கெடந்தாவ. அவியளையும் சேத்து அம்புட்டுப் பேருக்கும் உப்புத்தண்ணி ஊத்தினது, துணி அலசினது, ஒத்தையில மல்லுக்கட்டினது எல்லாம் இவ. தேறினதும் டாக்டரம்மாகிட்ட போயி இதைச் சொன்னாவ. 'கூட்டுறவ பேரை ராஜாவுக்கு எப்படி எழுதுறது? உன் பேருதான் எழுதிப் போயாச்சு'ன்னுட்டாக. விழா முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கழத்தி இவளுக்குக் குத்திட்டாவ. 'ராஜா விலாசம் தப்பா எழுதிட்டாரு, செல்லத்தாய்'னாவ."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் உபதேசியார்.

"சொன்னா இவகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போவீய. என் பேரை வாசிச்சா எனக்கு என்ன, ரெண்டு ஞாயிறு தலை குனிஞ்சிருப்பேன்."

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "இருந்தாலும் ராஜா உத்தரவு..." என்று கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். சந்தையில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். உம் விதியை மடக்க எவ்வளவு நேரம் ஆகும்? துணிப்பொதியை எடுத்து, "வச்சுக்கோங்க, செல்லத்தாயம்மா" என்று அவள் கையிலேயே கொடுத்தேன். என் வாயில் 'ங்க' வந்ததைக் கேட்டு அவளே பயந்துவிட்டாள்.

ஆகையால், கச்சேரிக்காரரே, சிலுவை வராது. உம் விதிப்படியே சொல்கிறேன்: அதை உடையவள் சாகவில்லை. இன்று காலையில்கூட வார்டு கூட்டினாள். எழுந்து ராஜாவிடம் போய்ச் சொல்லி, உம் பேரேட்டில் தேவஇரக்கத்தின் பெயரை அடித்துவிட்டு, 'செல்லத்தாய் அம்மாள்' என்று இப்போதாவது ஒழுங்காக எழுதும்!