ஷட்டருக்கு எமன்

கார் ஷெட்டின் ஈரத் தரையில் மண்டியிட்டிருந்த கரீமுல்லா, விரலில் ஒட்டியதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். திக்கென்றது. உப்பு. அதுவும் சமையலுக்குப் போடுகிற கல்லுப்பு.

"என்னப்பா, ஆச்சா இல்லையா?" வீட்டுக்குள்ளிருந்து லியோனார்ட் சாரின் குரல் வெடித்தது. "பதினோரு மணிக்கு அவ ஆஸ்பத்திரியில இருக்கணும். இப்பவே பத்தே கால்!"

"தோ, ஆயிடும் சார்!"

வாய்தான் சொன்னது. கை அப்படியே நின்றுவிட்டது. அடையாறில், கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிற வீட்டில் ஷட்டர் துருப்பிடிக்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் அவன் பிழைப்பே அதுதான். ஆனால் எந்தக் கடல் காற்றும் உப்பைக் கல் கல்லாகக் கொண்டுவந்து, ஷட்டர் ஏறி இறங்கும் காடிக்குள் திணித்துவிட்டுப் போகாது.

அதுவும் உள்பக்கமாக. உள்ளே வரச் சமையலறைக் கதவை விட்டால் வேறு வழி கிடையாது. வீட்டில் இருப்பதோ சாரும் அவர் மனைவியும், இரண்டே பேர்.

அல்போன்சா டீச்சருக்கு இன்று நான்காவது கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாள் தள்ளவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன இரண்டு தடவையும் சரியாக அதே நாள் காலையில்தான் இந்த ஷட்டர் சிக்கியது. கடைசி நேரத்தில் டாக்ஸி பிடித்து ஓடினார்கள். பிறகு வந்த கரீமுல்லா, வழக்கமான துருதானே என்று பார்க்காமலே சுரண்டி எறிந்துவிட்டுப் போய்விட்டான். இப்போது தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. தலையில் ஸ்கார்ஃப் கட்டிய டீச்சர், கையில் டீ டம்ளருடன் நின்றார்.

"விட்டுடு கரீம். திறக்கலேன்னா போகட்டும். போன தடவை டாக்ஸியில வழியெல்லாம் வாந்தி, மானமே போச்சு. இனிமே அவர் ஓட்டினாத்தான் போவேன். நாப்பது வருஷமா அவர் கையில வண்டி இருந்தா எனக்கு ஒரு பயமும் கிடையாது. இன்னைக்கு இல்லேன்னா அடுத்த வாரம் போய்க்கலாம்."

"அடுத்த வாரமா? டாக்டரு கூடாதுன்னாராமே டீச்சர்?"

"அவருக்கென்ன, ஊசி அவருக்கா போடறாங்க?"

டீச்சர் சிரித்தார். கரீமுல்லா விரலில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தான்.

முதல் முறை ரிப்பேருக்கு வந்தபோது இருவரையும் நிற்கவைத்து அவன்தான் பாடம் நடத்தினான். "கிரீஸ் தடவாதீங்க, மண்ணு ஒட்டிக்கும். மாசம் ஒருக்கா காஞ்ச துணியால தொடச்சி வுடுங்க. உப்புதான் ஷட்டருக்கு எமன்." இரண்டு பேரும் வாத்தியார்களாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை டீச்சர் இதற்கா பயன்படுத்துவார்? பாவம், வாழ்வே வெறுத்துவிட்டதா?

அதற்குள் லியோனார்ட் சார் சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். "இன்னும் அஞ்சே நிமிஷம். இல்லேன்னா இந்தத் தெருவுல ஒரு ஷட்டரையும் நீ தொட முடியாது, சொல்லிட்டேன்!"

"அவனை ஏங்க திட்டறீங்க?" என்று முணுமுணுத்தபடி டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

இதுதான் சமயம். கரீமுல்லா உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். வெள்ளை வெளேரென்று ஒரு பிடி உப்பு. "சார், இத்த கொஞ்சம் பாருங்க."

"பாத்தேன், பாத்தேன். செக்கச் செவேல்னு துரு. ஒவ்வொரு தடவையும் இதையேதானே காட்டற?"

கோபத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது? முதலில் ஷட்டர் திறக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரால் காடியை மளமளவென்று சுரண்டினான். இரண்டு கையாலும் தம் கட்டித் தூக்கினான். ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. தெருவின் மழை வெளிச்சம் உள்ளே பாய்ந்து காரின் சக்கரத்தில் விழுந்தது.

"இறக்கு" என்றார் சார். சத்தமே இல்லாத குரலில்.

"இன்னா சார்?"

"இறக்குப்பா. ஸ்பிரிங் போச்சுன்னு உள்ள கேக்கற மாதிரி கத்து. தெருமுனையில டாக்ஸி நிக்குது. அவ கால்ல விழுந்தாவது ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கரீமுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நெனிச்சுக்காதீங்க சார். இது தானா மாட்டிக்கல, யாரோ வேணும்னே உப்பு வெச்சு அடைச்சிகீறாங்க. டீச்சருக்கு ஆஸ்பத்திரிக்குப் போவ மனசில்ல போல கீது. கார் ரெடி சார், நீங்களே இட்டுனு போயிடுங்க."

"வெச்சது நான்தாம்ப்பா."

 ஷட்டரைத் தாங்கியபடியே கரீமுல்லா அவர் பக்கம் திரும்பினான்.

லியோனார்ட் சார் மூடியிருந்த சமையலறைக் கதவின் பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு ஊசி இருக்கு. அதுவரைக்கும் அவ தைரியமா இருக்கணும்." கரீமுல்லாவின் தோளைத் தேடிய கை, இரண்டாவது முறைதான் அதைப் பிடித்தது.

"எனக்குக் கண்ணு போயிடுச்சு, கரீம்."